பிட் ஷாவா, சேவனா?

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத் (நம்ம ஹைதராபாத் இல்லை) வரை போய், பிட் ஷா, சேவன் என்ற இரண்டு ஊர்களின் சூஃபி தர்காக்களில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் எது?

தொலைவு: பிட் ஷா பக்கம். சேவன் இரண்டு மடங்குக்கும் மேல்.

பழமை: சேவனில் சூஃபி ஞானி லால் ஷாபாஸ் கலந்தர் 1274-இல் மறைந்தார், அடக்கத்தலம் 1356-இல், துக்ளக் காலத்தில் எழுந்தது. பிட் ஷாவில் அடங்கியிருக்கும் சூஃபிக் கவிஞர் ஷா அப்துல் லத்தீஃப் மறைந்தது 1752-இல்; அவருக்கு அடக்கத்தலம் கட்டியவர் சிந்து ஆட்சியாளர் குலாம் ஷா கல்ஹோரோ.

கட்டடம்: சேவனின் தங்கக் குவிமாடம் தூரத்திலேயே கண்ணைப் பறிக்கும். ஆனால் இடிந்து, புதுப்பித்தது. பழமை தேடிப் போனால் ஏமாற்றம்தான். பிட் ஷாவில் வெள்ளைக் குவிமாடம், சுவரெங்கும் நீல ஓடுகள். கிட்டே போய் நின்றால்தான் அந்தப் பூவேலையின் நுணுக்கம் தெரியும்.

இசை: சேவனில் மாலைத் தொழுகைக்குப் பின் முரசு அதிர, தமால் என்னும் பக்திப் பரவச ஆட்டம். பிட் ஷாவில் இரவு. ஐந்து நரம்புத் தம்பூரோவை மீட்டி, கறுப்பு உடை ஃபக்கீர்கள் லத்தீஃபின் பாடல்களைப் பாடுவார்கள். பெரும்பாலும் ஆண்கள்தான், குரலோ பெண்குரல் போல உச்சத்தில். லத்தீஃபின் பாடல்களில் ஏங்குபவர்கள் சசுயி, மாருயி போன்ற சிந்து நாட்டுப்புறக் கதைப் பெண்கள் அல்லவா!

கூட்டமும் ஆட்டமும் வேண்டுமா, சேவன். கவிதைக்காகப் போகிறவர்கள் பிட் ஷாவுக்குப் போகலாம், அதுவும் வியாழன் இரவில்.