செயில்ஃபிஷா, உபுண்டு டச்சா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அக்கா மகன் கேட்டான்: "மாமா, லினக்ஸ் போனுக்குச் செயலி எழுதணும். எதுல ஆரம்பிக்கிறது?" நிரை நிரையாக வெட்டிய செம்பனைக் குலைகளைக் கணக்கு வைக்க வேண்டுமாம், நோட்டுப் புத்தகம் மழையில் ஊறிப்போகிறது.

செயில்ஃபிஷ், உபுண்டு டச் இரண்டும் லினக்ஸ் அடிப்படையிலான போன் இயங்குதளங்கள். இரண்டிலும் செயலியின் முகப்பை எழுதும் மொழி கியூஎம்எல்தான். அதனால் கற்றது வீண்போகாது.

பின்னணி:
செயில்ஃபிஷ் – பின்லாந்தின் ஜோலா நிறுவனம். முதல் போன் 2013-இல்.
உபுண்டு டச் – இதை உருவாக்கிய கனானிக்கல் நிறுவனம் 2017-இல் கைவிட்டது. யூபிபோர்ட்ஸ் சமூகம் எடுத்து நடத்துகிறது.

செலவு: கருவிகள் இரண்டுக்கும் ஒரு வெள்ளிகூட வேண்டாம். உபுண்டு டச் முழுக்க இலவசம். செயில்ஃபிஷின் சில பகுதிகள் மட்டும் திறமூலம் அல்ல, அதாவது அவற்றின் நிரல் எல்லாருக்கும் திறந்திருக்காது.

கருவிகள்:
செயில்ஃபிஷ் – நிரல் எழுத கியூடி கிரியேட்டர், கூடவே கணினிக்குள் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் ஓடும் போலிப் போன். அழகாக இருக்கும், ஆனால் நினைவகம் தின்னும். அவனுடைய 4 ஜிபி மடிக்கணினி மூச்சுத் திணறியது.
உபுண்டு டச் – கிளிக்கபிள் என்ற கட்டளைக் கருவி. 'கிளிக்கபிள் டெஸ்க்டாப்' என்று தட்டினால் செயலி கணினியிலேயே திறக்கும். அதற்குத் தேவையான டாக்கர் மென்பொருளை நிறுவுவதுதான் கொஞ்சம் இழுத்தடிக்கும். முதல் தடவை இறக்கமும் பெரிது, நல்ல வைஃபை உள்ள இடத்தில் முடித்துவிடுங்கள்.

பழைய கணினி, புதிய கை என்றால் உபுண்டு டச். நல்ல கணினியும் கைவசம் செயில்ஃபிஷ் ஓடக்கூடிய சோனி எக்ஸ்பீரியா போனும் இருந்தால் செயில்ஃபிஷ்.

அவன் உபுண்டு டச்சை எடுத்தான். குலை எண்ணும் பொத்தான் வந்துவிட்டது. கையுறை போட்ட விரலுக்குத்தான் சின்னதாக இருக்கிறதாம்.