ஓப்பன் விஸ்விட்ச்சில் விஎன்ஐ: நிலையான கீயா, ஃப்ளோ கீயா?

லினக்ஸ் ஹோஸ்ட்களுக்கு நடுவே விஎக்ஸ்லான் டனல் (ஒரு நெட்வொர்க்கின் பாக்கெட்டை யூடிபி பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பும் வழி) போட, மென்பொருள் ஸ்விட்ச்சான ஓப்பன் விஸ்விட்ச்சில் ஒரே வரிக் கட்டளை போதும். பிரிட்ஜில் ஒரு போர்ட்டைச் சேர்த்து, வகையை விஎக்ஸ்லான் என்று குறித்து, ரிமோட் ஐபியும் கீயும் கொடுத்தால் டனல் எழுந்துவிடும். அந்தக் கீதான் விஎன்ஐ, அதாவது பாக்கெட் எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது என்று காட்டும் எண். ஒரே நெட்வொர்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் விலானின் எண்ணுக்கு 12 பிட்தான். விஎன்ஐக்கு 24 பிட், அதாவது 1,67,77,216 எண்கள். இந்த ஸ்விட்ச்சின் அருமையும் தொல்லையும் இந்தக் கீயில்தான் இருக்கின்றன.

கீயில் 5001 என்று எண்ணையே எழுதினால் அந்தப் போர்ட் அந்த விஎன்ஐக்கு மட்டுமே உரியது. நாலைந்து நெட்வொர்க் மட்டும் உள்ளவர்களுக்கு இதுவே சிறந்தது, ஏனென்றால் தப்பு நடந்தால் ஸ்விட்ச் வாய்திறந்து சொல்லும். ஒரே ரிமோட் ஐபிக்கு ஒரே கீயோடு இரண்டாவது போர்ட் சேர்த்தால், ஷோ கட்டளையில் அந்தப் போர்ட்டுக்குக் கீழே 'ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்' என்ற பிழை நிற்கும். ஒரு முனையில் 5001, மறுமுனையில் 5010 என்று இருந்தால் பாக்கெட் ஹோஸ்ட் வரைக்கும் வரும், பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பிலும் தெரியும். ஆனால் ஏற்றுக்கொள்ள போர்ட் இல்லாததால் அங்கேயே விழும். ஸ்விட்ச்சை இயக்கும் நிரலான விஸ்விட்ச்டியின் லாகில் 'ரிசீவ் டனல் போர்ட் நாட் ஃபவுண்ட்' என்ற எச்சரிக்கை பதிவாகியிருக்கும். டிசிபிடம்ப் விஎன்ஐயைத் தசம எண்ணாகக் காட்டும், ஃப்ளோ டம்ப் (ஸ்விட்ச்சில் உள்ள விதிகளின் பட்டியல்) 0எக்ஸ்1389 என்று பதினாறடிமானத்தில் காட்டும். இரண்டும் 5001தான். இதைக் கவனிக்காமல் எண் மாறிவிட்டது என்று தேட ஆரம்பித்தால் நேரம்தான் போகும்.

நெட்வொர்க்குகள் பெருகும்போது ஒவ்வொரு விஎன்ஐக்கும் ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் தனிப் போர்ட் என்பது கட்டுப்படியாகாது. அதற்குத்தான் கீ=ஃப்ளோ. ஒரு ஹோஸ்டுக்கு ஒரே டனல் போர்ட். விஎன்ஐயை ஓப்பன்ஃப்ளோ விதி (எந்தப் பாக்கெட்டை என்ன செய்வது என்று ஸ்விட்ச்சுக்குச் சொல்வது) தீர்மானிக்கும். மிக நல்ல வடிவமைப்பு, ஆனால் தப்பு செய்தால் ஒரு வார்த்தை சொல்லாது. விஎம் (மெய்நிகர் கணினி) போர்ட்டுக்கு விலான் டேக் மட்டும் போட்டுவிட்டு, சாதாரண ஸ்விட்ச் போல நடக்கும் நார்மல் ஆக்‌ஷனை நம்பினால், விஎன்ஐயைத் தாங்கும் டன்_ஐடி 0 ஆகவே இருக்கும். எல்லா நெட்வொர்க்கின் பாக்கெட்டும் விஎன்ஐ 0 என்றே வெளியே போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. டன்_ஐடியை ஒழுங்காக வைத்த பிறகும் நார்மலை நம்ப முடியாது: அது மேக் முகவரியை விலான் வாரியாகத்தான் கற்கும், டன்_ஐடியைப் பார்க்காது. விலானைப் பிரித்து வைக்காவிட்டால் 5001இன் பிராட்காஸ்ட் 5002இன் விஎம்களுக்கும் போய்ச் சேரும்.

சரியான முறைக்கு இரண்டு டேபிள் (விதிகளின் அடுக்கு) வேண்டும். டேபிள் 0இல், விஎம் போர்ட்டிலிருந்து வருவதற்குச் செட்_ஃபீல்டு மூலம் 5001ஐ டன்_ஐடியில் ஏற்றி டேபிள் 1க்கு ரீசப்மிட் செய்யுங்கள். டனலிலிருந்து வருவதில் டன்_ஐடி ஏற்கெனவே இருக்கும், அப்படியே அனுப்பினால் போதும். டேபிள் 1இல் டன்_ஐடியையும் சேருமிட மேக்கையும் சேர்த்தே மேட்ச் செய்யுங்கள். ஏஆர்பி (ஐபிக்கு உரிய மேக் எது என்று கேட்பது) போன்ற பிராட்காஸ்டுக்கு ஒவ்வொரு டன்_ஐடிக்கும் தனி விதி எழுத வேண்டும், ஏனென்றால் விஎக்ஸ்லானின் மல்டிகாஸ்ட் பகுதியை இந்த ஸ்விட்ச் ஆதரிப்பதில்லை. மூன்று ஹோஸ்டுகளை ஒன்றோடொன்று இணைத்தால் இன்னொரு கவனம்: டனலில் வந்த பிராட்காஸ்டை வேறு டனலுக்குள் விடவே கூடாது. விட்டால் லூப். ஒரே விதிக்குள் வரிசையும் முக்கியம். அவுட்புட்டுக்குப் பிறகு எழுதிய செட்_ஃபீல்டு அந்த அவுட்புட்டுக்கு உதவாது. எழுதி முடித்ததும் ஆஃப்ப்ரோட்டோ/ட்ரேஸ் ஓட்டி, பாக்கெட் எந்த டன்_ஐடியோடு வெளியேறுகிறது என்று பாருங்கள். இந்த ஸ்விட்ச்சில் நான் மிகவும் மதிக்கும் வசதி அதுதான்.

எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) பற்றிச் சுருக்கமாக: ஐபிவி4இல் கூடுதல் சுமை 50 பைட், ஐபிவி6இல் 70. கீழ் நெட்வொர்க் 1500 என்றால் விஎம்மில் 1450 வையுங்கள். விஎம்மில் மாற்றாமல் விட்டால் பிங் போகும், பெரிய ஃபைல் மட்டும் பாதியில் தொங்கும். டிஎஃப் பிட் (பாக்கெட்டைத் துண்டாக்காதே என்ற குறி) போட்ட பிங்கில் 1422 பைட் போய், 1423 போகாவிட்டால் கணக்குச் சரி.

யூடிபி போர்ட் 4789. அதே போர்ட்டில் ஹோஸ்டில் வேறு விஎக்ஸ்லான் இன்டர்ஃபேஸ் ஏற்கெனவே இருந்தால் மோதல் வரும். அப்போது டிஎஸ்டி_போர்ட்டை இரு முனையிலும் ஒரே மாதிரி மாற்றி, ஃபயர்வாலிலும் திறந்துவிடுங்கள்.

விதிகளைக் கையால் எழுதிப் பராமரிக்க முடியாத அளவுக்குப் போய்விட்டால் விதிகளைத் தானே உருவாக்கும் ஓவிஎன்னுக்கு மாறிவிடலாம். டனல் எண்களை அதுவே ஒதுக்கும். அங்கே ஜெனீவ் என்ற டனல் வகையையே தேர்ந்தெடுங்கள். விஎக்ஸ்லானை வைத்தால் 24 பிட்டுக்குள்ளேயே போர்ட் எண்ணுக்கும் இடம் ஒதுக்க வேண்டியிருப்பதால், நெட்வொர்க்குக்கு 12 பிட்தான் மிஞ்சும்.