மண்தரை வீடுகளில் மணல் தெள்ளு: காலுக்கு மருந்தா, தரைக்குப் பூச்சா?

கென்யா, உகாண்டா, ருவாண்டா ஆகிய நாடுகளின் சிற்றூர்களில் மண்தரை வீடுகளில் வாழும் குழந்தைகளின் கால்விரல் நகங்களைச் சுற்றியும் குதிகாலிலும் துளைத்துக் குடியேறும் மணல் தெள்ளு (துங்கா பெனட்ரான்ஸ்), ஆப்பிரிக்காவின் பூர்விகப் பூச்சி அன்று. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இது, 1872-இல் பிரேசிலிலிருந்து அங்கோலாவுக்கு வந்த ஒரு கப்பலில் பாரத்துக்காக ஏற்றப்பட்டிருந்த மணலோடு கரையிறங்கி, சில பத்தாண்டுகளுக்குள் வணிகப் பாதைகள் வழியாகக் கண்டத்தின் கிழக்குக் கரை வரை பரவிவிட்டது. ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் அது ஒழியாததற்குக் காரணம் மருந்து இல்லாமை மட்டுமன்று. காலில் இருக்கும் பூச்சியையும் தரையில் இருக்கும் பூச்சியையும் வெவ்வேறு பிரச்சினைகளாகக் கருதி, பெரும்பாலும் முதலாவதற்கு மட்டுமே செலவு செய்துவந்ததும் ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. எனவே, இன்று முன்வைக்கப்படும் வழிகளை, காலில் இருப்பதை அது கொல்கிறதா, தரையில் வளர்வதை அது நிறுத்துகிறதா என்னும் இரண்டு கேள்விகளைக் கொண்டே இங்கே ஒப்பிடுகிறேன்.

இந்தக் கேள்விகள் பூச்சியின் வாழ்க்கை முறையிலிருந்தே எழுகின்றன. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள பெண் தெள்ளு தோலுக்குள் நுழைந்த பின், ஓரிரு வாரங்களில் பட்டாணி அளவுக்குப் பருத்து, நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை வெளியே தள்ளிவிட்டு, நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் தோலுக்குள்ளேயே மடிகிறது. அதன் பின்முனை மட்டும் ஒரு சிறு துளை வழியாக வெளிக்காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும். மூச்சு விடுவதும், கழிவை நீக்குவதும், ஆண் தெள்ளோடு கூடுவதும், முட்டையை வெளியேற்றுவதும் அந்தத் துளை வழியாகவே நிகழ்கின்றன. கீழே விழும் முட்டைகள் சில நாட்களில் பொரிந்து, புழுக்கள் உலர்ந்த மண்ணின் மேல்பகுதியில் கிடக்கும் கரிமப் பொருள்களைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுப் பருவத்தைக் கடந்து, மூன்று நான்கு வாரங்களில் புதிய தெள்ளுகளாக எழுகின்றன. அதாவது, ஒருவரின் காலிலுள்ள பூச்சிகள் அனைத்தையும் இன்று கொன்றாலும், அடுத்த மாதம் அவரைத் தாக்கப்போகும் தலைமுறை அவர் படுத்துறங்கும் தரைக்குள் ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருக்கிறது.

காலுக்கான வழிகளுள் மிகப் பழையது, மிகப் பரவலானது, ஆனால் மிக மோசமானது ஊசி, ஊக்கு, முள் ஆகியவற்றால் தோண்டி எடுப்பது. நல்ல வெளிச்சத்தில், தூய்மையான கருவியுடன், பயிற்சி பெற்ற ஒருவர் ஒன்றிரண்டு பூச்சிகளை எடுப்பது தவறில்லை. ஆனால் பத்து, இருபது, சில வேளைகளில் நூறு பூச்சிகள் உள்ள காலை, வீட்டிலுள்ள ஒரே ஊக்கைக் கொண்டு, ஒரு குழந்தைக்குப் பின் மற்றொரு குழந்தையாகத் தோண்டும்போது, பூச்சி உடைந்து அதன் பகுதி உள்ளே தங்கிச் சீழ்ப்பிடிக்கிறது; இரணஜன்னிக்கும், இரத்தம் வழியாகத் தொற்றும் எச்ஐவி, கல்லீரல் அழற்சிக் கிருமிகளுக்கும் வழி திறக்கிறது. குழந்தை வலியால் கதற, நான்கு பேர் பிடித்துக்கொண்டு செய்யப்படும் இந்தக் காரியத்தை மருத்துவம் என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

அதற்கு மாற்றாகக் கென்யாவில் நெடுங்காலமாகப் பயன்படுத்தப்படுவது பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் கால்களை ஊறவைப்பது. 0.05 விழுக்காட்டுக் கரைசலில் பத்துப் பதினைந்து நிமிடங்கள் கால்களை வைத்திருக்க வேண்டும். மருந்து மலிவு, எளிதில் கிடைக்கும், புண்ணின் மேற்பரப்பைத் தூய்மைப்படுத்தவும் செய்யும். ஆனால் குழந்தை அசையாமல் அத்தனை நேரம் அமர வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு பேசின் நீர் வேண்டும். குடிநீருக்கே வெகுதூரம் நடக்கும் வறண்ட பகுதிகளில் அது சிறிய கோரிக்கை அன்று. இவை எல்லாம் சரியாக அமைந்தாலும் பூச்சி சாகிறதா என்பதே ஐயத்துக்குரியது. கிராமப்புறக் கென்யாவில் குழந்தைகளின் ஒரு காலுக்குப் பெர்மாங்கனேட்டும், மறுகாலுக்கு டைமெத்திகோன் என்னும் சிலிக்கோன் எண்ணெயும் பயன்படுத்திச் செய்யப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வில், ஏழாம் நாளில் டைமெத்திகோன் இட்ட காலில் 78 விழுக்காட்டுப் பூச்சிகள் உயிர்க்குறி இழந்திருந்தன; பெர்மாங்கனேட் இட்ட காலில் 39 விழுக்காடு மட்டுமே.

இந்த வேறுபாடு தற்செயலானதன்று. டைமெத்திகோன் நஞ்சாக வேலை செய்வதில்லை. பிசுபிசுப்பு மிகக் குறைந்த அந்த எண்ணெய், பூச்சியின் பின்முனைத் துளைக்குள் ஊர்ந்து சென்று அதன் மூச்சுக் குழாய்களை அடைத்துவிடுகிறது. பூச்சியின் உடற்செயலில் குறுக்கிடும் நஞ்சாக இல்லாமல் இயற்பியல் முறையில் அடைப்பதால், இதற்கு எதிர்ப்புத்திறன் உருவாவது எளிதன்று. வலி இல்லை, ஊறவைக்க ஒரு பேசின் நீர் வேண்டியதில்லை, கால்களைக் கழுவித் துடைத்துப் பூசினால் போதும். உகாண்டாவின் கரமோஜா பகுதியிலுள்ள நபாக் மாவட்டத்தில் பெருமளவில் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இதன் உண்மையான குறை ஒன்றே: தலைப்பேனுக்காக ஐரோப்பாவில் தயாரிக்கப்படும் இந்தப் பொருளைச் சிற்றூர்க் குடும்பம் கடையில் வாங்க முடியாது, திட்டம் ஒன்று கொண்டுவந்து தந்தால்தான் உண்டு. அந்த இடைவெளியில் வேப்பெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்த கலவை கவனத்துக்குரியது. கென்யாவில் அதைப் பெர்மாங்கனேட்டோடு ஒப்பிட்டபோது, கொல்லும் திறனில் பெரிய வேறுபாடு இல்லையெனினும் வீக்கமும் அழற்சியும் நன்றாகத் தணிந்தன. அரிப்புப் புண்ணுக்கு வேப்பெண்ணெயை நாடும் பழக்கமுள்ள நமக்கு இது வியப்பளிக்காது என்றாலும், டைமெத்திகோனுக்கு ஈடாக அதை வைக்க இயலாது. வாய்வழியாகக் கொடுக்கும் ஐவர்மெக்டின் என்னும் ஒட்டுண்ணிக்கொல்லி மருந்தைப் பொறுத்தவரை, பிரேசிலில் நடந்த சோதனையில் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை.

நுழைந்த பூச்சியைக் கொல்வதைவிட நுழையாமல் தடுப்பது மேல் என்பதால், காலணி கொடுக்கும் திட்டங்கள் நன்கொடையாளர்களிடம் மிகுந்த வரவேற்பைப் பெறுகின்றன. மடகாஸ்கரில் மூடிய காலணிகளையும், தேங்காய் எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட விரட்டி ஒன்றை நாளுக்கு இருமுறை பூசுவதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விரட்டி பூசியவர்களிடம் புதிய தாக்குதல் ஏறக்குறைய நின்றுபோனது. காலணி பெற்றவர்களிடம் சிறிதளவே குறைந்தது, ஏனெனில் காலணிகளை அவர்கள் தொடர்ந்து அணியவில்லை. வெப்பமான ஊரில், வீட்டுக்குள்ளும் படுக்கையிலும் யார் மூடிய காலணி அணிவார்கள்? தாக்குதலோ அங்கேயும் நடக்கிறது. ஆனால் விரட்டியும் நாள்தோறும் இருமுறை, காலவரையின்றி, பணம் கொடுத்து வாங்கிப் பூசப்பட வேண்டிய ஒன்று என்பதை மறக்கக்கூடாது.

இனித் தரை. பூச்சிக்கொல்லி தெளிப்பது விரைவானது, பலர் கண்ணுக்கு நடவடிக்கையாகத் தெரிவது. அதிகாரிகள் அதை விரும்புவதும் அதனால்தான். மேலே நடமாடும் தெள்ளுகளை அது கொல்லும். ஆனால் தூசிக்குள் புதைந்த புழுவையும், மண்துகள் ஒட்டிய கூட்டுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவையும் மருந்து முழுமையாகச் சென்று சேராது. சில வாரங்களில் அடுத்த தலைமுறை எழும்போது மருந்தின் வீரியம் குறைந்திருக்கும். குழந்தைகள் தவழும், தானியம் காயும் அதே தரையில் மீண்டும் மீண்டும் நஞ்சைத் தெளிப்பது தாங்கக்கூடிய வழி அன்று. ஓர் ஊரில் திடீரெனப் பெருகிய தாக்குதலைத் தணிக்க ஒருமுறை பயன்படுத்தலாம் என்ற அளவில் மட்டுமே அதை ஏற்கிறேன்.

சாணம் மெழுகுவது நமக்கு நன்கு தெரிந்த வழி. கிழக்கு ஆப்பிரிக்காவிலும் அது வழக்கில் உண்டு. புதிதாக மெழுகிய தரையில் தூசி அடங்கும். ஆயினும் பூச்சு உலர்ந்து, வெடித்து, உதிரத் தொடங்கியவுடன் அந்த வெடிப்புகளே புழுக்களுக்கு ஒதுங்கும் இடமாகின்றன. உதிரும் கரிமத் துகள் அவற்றுக்கு உணவாகவும் ஆகலாம். இடைவிடாமல் மெழுகப்படும் தரைக்கும் விட்டு விட்டு மெழுகப்படும் தரைக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கும்; தண்ணீரும் விறகும் சுமந்து வரும் பெண்களின் தலையிலேயே இந்த வேலையும் விழுகிறது என்பதால், இதை நம்பி ஒரு கட்டுப்பாட்டுத் திட்டத்தை அமைக்கக்கூடாது.

நிலையான தீர்வு புழு வளர இடமே இல்லாத கெட்டியான தரைதான். சிமெண்ட் தரை இதில் ஐயத்துக்கு இடமின்றிச் சிறந்தது: கழுவலாம், பல ஆண்டுகள் நிலைக்கும். மெக்சிகோவில் 2000-இல் தொடங்கிய பிசோ ஃபிர்மே திட்டம் ஏழைகளின் மண்தரைகளைச் சிமெண்ட் தரைகளாக மாற்றியபோது, குழந்தைகளின் குடற்புழுத் தொற்றும் வயிற்றுப்போக்கும் பெருமளவு குறைந்தன. அது தெள்ளுக்கான சான்று அன்று எனினும், அரசு முனைந்தால் தரையை மாற்றுவது நடைமுறையில் இயலும் என்பதற்கான சான்று. ஆனால் உள்நாட்டுச் சிற்றூர் வரை சிமெண்ட் மூட்டையைச் சுமந்து செல்லும் செலவு, பல குடும்பங்களின் ஓராண்டுச் சேமிப்பையும் மிஞ்சும்.

இங்கேதான் ருவாண்டாவில் எர்த்எனேபிள் நிறுவனம் போட்டுத்தரும், இறுக்கி மெருகிட்ட மண்தரை சிமெண்டுக்கு உண்மையான போட்டியாக நிற்கிறது. சரளை, செம்மண், மணல், களிமண் ஆகியவற்றை அடுக்கடுக்காக இறுக்கி, மேலே தாவர எண்ணெயால் ஆன மெருகைப் பூசி மூடிவிடுகிறார்கள். எண்ணெய் காற்றுப்பட்டு இறுகி, நீர் புகாத மேற்பரப்பாக மாறுகிறது. செலவு சிமெண்ட் தரையைவிட மிகக் குறைவு. மூலப்பொருளின் பெரும்பகுதி அந்த ஊர் மண்ணே. கொத்தனாருக்குப் பயிற்சி வேண்டும் என்பதும், கூரை ஒழுகும் அல்லது அடித்தளத்தில் ஈரம் ஏறும் வீட்டில் இது நிலைக்காது என்பதும், கீறல் விழுந்தால் உடனே மெருகு பூச வேண்டும் என்பதும் இதன் குறைகள். உறுதியில் சிமெண்டே முந்துகிறது. ஆனால் அதே பணத்தில் எத்தனை வீடுகளை மாற்றலாம் என்று கணக்கிட்டால் நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.

பணம் அதற்கும் போதாவிட்டால், வீடு முழுவதையும் மாற்றக் காத்திருக்க வேண்டியதில்லை. கென்யாவின் கரையோரப் பகுதியில் மண்ணைச் சலித்துத் தேடியவர்கள், தெள்ளின் இளம்பருவங்களைப் படுக்கையறைத் தரையில்தான் மிகுதியாகக் கண்டார்கள். இரவு முழுவதும் முட்டைகள் உதிர்வது அங்கேதானே. ஆகவே குழந்தைகள் பாய் விரித்துப் படுக்கும் ஓர் அறையின் தரையை மட்டும் முதலில் மூடி, அதே வாரத்தில் அந்த வீட்டார் அனைவரின் கால்களுக்கும் டைமெத்திகோன் பூசுவது, ஊர் முழுவதும் இருமுறை பூச்சிக்கொல்லி தெளிப்பதைவிடப் பயனுள்ள செலவாக இருக்கும் என்று கருதுகிறேன். ஒரு மாதம் கழித்து இரண்டாம் முறை பூச வேண்டும். தரைக்குள் முன்பே இருந்த தலைமுறை அதற்குள் காலேறியிருக்கும். உகாண்டாவில் பன்றிகளும், பிரேசிலில் நாய், பூனைகளும் எலிகளும் இதே பூச்சியைச் சுமப்பதால், வளர்ப்பு விலங்குகளுக்குத் தெள்ளு மருந்திட்டு, இரவில் அவற்றை வீட்டுக்கு வெளியே தனிக் கொட்டிலில் அடைப்பதும் இதனோடு சேர வேண்டும். தனியே வாழும் முதியவர்களுக்கும் கை நடுங்குபவர்களுக்கும் மருந்துக் குப்பியைக் கொடுத்துவிட்டு வருவது போதாது. அவர்களின் காலைக் கழுவி மருந்திட ஓர் ஊர்ச் சுகாதாரப் பணியாளரை ஊதியம் கொடுத்து அனுப்புவதையும் திட்டத்தின் செலவுக் கணக்கில் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.