கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கியுடன் 6 ஆண்டுகள்: பழுது நீங்கியது, ஒளிவட்டம் நீங்கவில்லை

ஸ்லைடுக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் பகுதியான ஒளிகுவிப்பியில், ஒளியை வளைய வடிவில் மட்டும் விடும் கட்ட வளையத்தை நடுவில் பிடித்து நிறுத்தும் சுருள்வில் தளர்ந்துபோனதால் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த என் நுண்ணோக்கி சென்ற வாரம் திரும்பி வந்தது. செல்களைப் பார்ப்பதற்குச் சாதாரண ஒளி நுண்ணோக்கியே போதுமா, பேஸ் கான்ட்ராஸ்ட் என்று சொல்லப்படும் கட்ட வேறுபாட்டு வகையையே வாங்கிவிடலாமா என்று நண்பர் ஒருவர் அதே வாரத்தில் கேட்டார். அவருக்கு எழுதிய பதிலையே சற்று விரித்து இங்கே தருகிறேன்.

முதலில் இதன் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். உயிருள்ள செல் ஏறக்குறைய நிறமற்றது. அது ஒளியை விழுங்குவதில்லை, சற்றே தாமதப்படுத்தி அனுப்புகிறது. கட்ட வேறுபாடு எனப்படும் அந்தத் தாமதத்தை நம் கண் உணராது என்பதால்தான் சாதாரண நுண்ணோக்கியில் மெத்திலீன் நீலம் போன்ற சாயத்தை நாடுகிறோம். நியூக்ளியஸ் பளிச்சென்று தெரியும், ஆனால் அந்த நேரத்திற்குள் செல் பெரும்பாலும் இறந்திருக்கும். செல்லால் திசைமாறாமல் வரும் நேரடி ஒளியைக் கால் அலைநீளம் நகர்த்தி, அதைச் சற்று மங்கவும் செய்தால், செல்லில் சிதறிவந்த ஒளியோடு அது கலக்கும்போது அந்தத் தாமதம் கருமையும் வெளிச்சமுமாக மாறிவிடும் என்று கண்டவர் நெதர்லாந்து நாட்டு இயற்பியலாளர் பிரிட்ஸ் செர்னிக்கே. 1953-இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான்.

இதன் அருமையை எனக்கு உணர்த்தியது ஒரு துளி உமிழ்நீர். கவர் ஸ்லிப் மூடி, 40 மடங்கு பொருளருகு லென்ஸில் பார்த்தபோது, கன்னத்தின் உட்புறச் செல்கள் ஓரம் மடிந்த தாள்களைப் போலக் கிடந்தன. அவற்றின் மேல் பாக்டீரியாக்கள் கரும்புள்ளிகளாக ஒட்டியிருந்தன. இவற்றுக்கு நடுவே, உமிழ்நீரை உறிஞ்சி உப்பிப்போன வெள்ளையணு ஒன்று இருந்தது. அதனுள்ளே நுண்மணிகள் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தன. அது நீர் மூலக்கூறுகள் மோதுவதால் உண்டாகும் பிரௌனியன் இயக்கமே தவிர உயிரின் அசைவு அன்று என்பதை அறிந்திருந்தும், அன்று அரைமணி நேரம் என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

இனி, 6 ஆண்டுகளாக என் பொறுமையைச் சோதித்துவரும் ஒளிவட்டத்திற்கு வருகிறேன். சற்றுத் தடித்த எந்தச் செல்லைப் பார்த்தாலும் அதன் விளிம்பைச் சுற்றி வெள்ளை வளையம் ஒன்று படர்ந்துவிடுகிறது. வெங்காயத்தின் உட்தோலில் சைட்டோபிளாசத்தின் நுண்மணிகள் இழைகளின் வழியே நகர்ந்து செல்வது அழகாகத் தெரியும். ஆனால் அந்த இழைகள் செல்சுவரை ஒட்டிய மெல்லிய படலத்தில் போய்ச் சேரும் இடத்தை, நான் மிகவும் பார்க்க விரும்பும் அதே இடத்தை, வெள்ளை வளையம் மூடிவிடுகிறது. செல் பிரியும் நேரத்தில் உருண்டு திரள்வதால் ஒளிவட்டம் இன்னும் பெருகிக் குரோமோசோம்களை மறைக்கிறது. செல்லின் அகலத்தை அளக்கலாம் என்றால் விளிம்பு எங்கே முடிகிறது, வளையம் எங்கே தொடங்குகிறது என்பதே தெளிவாக இல்லை.

இது என் கைப்பிழை என்றே நெடுநாள் நம்பினேன். கண்ணருகு லென்ஸை எடுத்துவிட்டு, மையப்படுத்தும் குழலைச் செருகி, ஒளிகுவிப்பியின் வெளிச்ச வளையம் பொருளருகு லென்ஸுக்குள் இருக்கும் கருநிற வளையத்தின் மேல் பொருந்தும்வரை இரண்டு திருகுகளையும் எத்தனையோ மாலைகள் திருகியிருக்கிறேன். வளையம் விலகியிருந்தால் படம் தட்டையாகிப் பக்கவாட்டில் நிழல் தட்டும் என்பது உண்மைதான். அந்தக் குறையைப் புதிய சுருள்வில் முழுமையாகத் தீர்த்துவிட்டது. ஒளிவட்டமோ அப்படியே இருக்கிறது. நேரடி ஒளியை நகர்த்தி மங்கச் செய்வதற்கென்று வைத்த அந்தக் கருநிற வளையத்தின் வழியே, செல்லில் சிறு கோணத்தில் சிதறிய ஒளியும் ஓரளவு புகுந்துவிடுவதால் வருவது அது. எந்தப் பழுதுபார்ப்பவராலும் அதை நீக்க முடியாது. செல்லைச் சுற்றியுள்ள திரவத்தின் ஒளிவிலகல் எண்ணைப் புரதக் கரைசலால் உயர்த்தினால் குறையும் என்றாலும், ஒவ்வொரு முறையும் அதைச் செய்துகொண்டிருக்க இயலாது.

நியாயமாகப் பார்த்தால் மற்ற வகைகளுக்கும் விலை கொடுத்தே ஆக வேண்டியிருக்கிறது. ஒளிர்வு நுண்ணோக்கியில் ஒளிர் சாயமோ ஒளிரும் புரதமோ வேண்டும். அதன் கடுமையான ஒளியில் சாயம் வெளிறும், செல்லும் வாடும். எலக்ட்ரான் நுண்ணோக்கி, ஒளி நுண்ணோக்கியின் ஏறத்தாழ 200 நானோமீட்டர் எல்லையைக் கடந்து மைட்டோகாண்ட்ரியாவின் உள்மடிப்புகளைக்கூடக் காட்டும். அதற்குச் செல்லை நிலைப்படுத்தி, நீரகற்றி, பிசினில் பதித்து, 100 நானோமீட்டருக்கும் மெல்லிய சீவலாக்க வேண்டும். உயிரோடு, சாயமின்றி, உடனே பார்ப்பதற்கு என் கருவிக்கு நிகர் சிலவே.

இவ்வளவு சொன்ன பிறகும், நண்பருக்கு வேண்டாம் என்றுதான் எழுதினேன். நல்ல பொருளருகு லென்ஸ்கள் கொண்ட சாதாரண ஒளி நுண்ணோக்கியை வாங்கி, சாயமேற்றிய ஸ்லைடுகளில் விளிம்பு என்பது எப்படி இருக்கும் என்று ஓராண்டு கண்ணைப் பழக்கிக்கொள்ளச் சொன்னேன். கட்ட வேறுபாட்டு லென்ஸ்களைப் பின்னர் சேர்க்க இடம்தரும் உடற்சட்டமாக அது இருக்கட்டும் என்றும் கேட்டுக்கொண்டேன்.