சவோனாவா, கத்தலீனாவா?
டொமினிக்கன் குடியரசின் தென்கிழக்குக் கரையில் ஒரு பகல் கையில் இருந்தால், இந்த இரண்டு தீவுகளில் எதற்குப் போவது என்பதுதான் கேள்வி.

சவோனா பெரியது, சுமார் 110 சதுர கிலோமீட்டர். பயாஹிபேயில் படகு ஏற வேண்டும். பெரும்பாலும் ஒரு வழி கேட்டமரான், மறு வழி ஸ்பீட்போட். வழியில் இடுப்பளவு தண்ணீரில் இறக்கிவிடுவார்கள். காலடி மணலில் நட்சத்திர மீன்கள் கிடக்கும். போட்டோவுக்காக அவற்றை வெளியே தூக்காதீர்கள், செத்துப்போகும். அப்புறம் தென்னைமரம், ரம், பாட்டு, கூட்டம். மனோ ஹுவான் மீனவக் கிராமம் வரை போகும் படகா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சுற்றுலா விடுதிகள் நிறைந்த பூன்டா கானாவில் தங்கியிருந்தால் பஸ்ஸிலேயே நேரம் போய்விடும்.

கத்தலீனா பத்து சதுர கிலோமீட்டர்கூட வராது, ஊரும் இல்லை. லா ரொமானா நகரிலிருந்து கிட்டம். முக்குளிப்பவர்களுக்கு இங்கே செங்குத்தாக இறங்கும் பவளச் சுவர் இருக்கிறது. என்னை இழுப்பது வேறு: கடற்கொள்ளையர் கேப்டன் கிட் 1698-இல் மலபார்க் கரையருகே பிடித்த 'கெடா மெர்ச்சன்ட்' கப்பலின் மிச்சம் இந்தத் தீவை ஒட்டித்தான் கிடக்கிறது. 2007-இல் கண்டுபிடித்தார்கள். ஆழம் மூன்று மீட்டர்தான். பாசி படிந்த பீரங்கிகளை ஸ்நார்க்கல் போட்டே பார்க்கலாம். எல்லாப் படகும் அங்கே நிற்காது, விசாரித்துக்கொள்ளுங்கள்.

நீந்தத் தெரியாதவர்கள், குழந்தைகளோடு வருபவர்கள் சவோனாவுக்கே போகலாம். மற்றவர்களுக்கு என் ஓட்டு கத்தலீனாவுக்கு.