நூலகர் வேலை என்று அழைத்து 62,000 ரூபாயை ஏமாற்றிவிட்டார்கள்: செட்டிநாட்டுப் பக்கம் வேலை தேடுபவர்கள் கவனத்துக்கு

62,000 ரூபாய். நான்கு மாதம் தூசியைத் தின்று செய்த வேலைக்கு எனக்கு வரவேண்டிய பாக்கி. அதைத் தருவதற்கில்லை என்று அறக்கட்டளை மேலாளர் நேற்று மாலை தொலைபேசியில் சொல்லிவிட்டார். அதற்கு அவர் சொன்ன காரணத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. “புத்தகத்தோடு உட்கார்ந்திருந்ததற்கு இவ்வளவு பணமா தாயி?”

பெயரைச் சொல்லவில்லை. வழக்கறிஞரிடம் பேசியிருக்கிறேன், அதனால் இப்போதைக்கு வேண்டாம். காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் உள்ள ஒரு பெரிய வீடு அது. வெளிநாட்டில் இருக்கும் பங்காளிகள் சேர்ந்து ஓர் அறக்கட்டளை வைத்திருக்கிறார்கள். மேல்மாடியில் பூட்டிக் கிடந்த புத்தகங்களை ஒழுங்குபடுத்தி, வீட்டைப் பார்க்க வருபவர்களுக்கு நூலகமாகத் திறந்துவிடுவது திட்டம். நூலக அறிவியலில் முதுநிலைப் பட்டம் கேட்டார்கள், என்னிடம் இருக்கிறது. மாதம் 18,000 ரூபாய் என்று பேசினார்கள். பதிவேடு எழுதுவது, வகைப்படுத்துவது, கோஹா மென்பொருளில் அட்டவணை ஏற்றுவது, இவ்வளவுதான் வேலை என்றார்கள்.

முதல் நாள் முகப்பில் உட்காரவைத்துப் பேசினார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களை 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதையும், அவை இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக இருப்பதையும் மேலாளர் விரிவாகச் சொன்னார். “நம்முடைய தொகுப்பும் அப்படி ஆகவேண்டும். உன் கையால்தான் ஆகவேண்டும்” என்றார். அந்த வீட்டு ஆச்சி காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “எல்லாம் எங்கள் ஐயா ரங்கூனிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது, பத்திரமாகப் பார்த்துக்கொள் ஆத்தா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பணி நியமனக் கடிதம் கேட்டேன். “எழுத்தெல்லாம் எதற்கு? வாக்குத் தவறிய குடும்பமா இது? பணம் எங்கே போய்விடப் போகிறது?” என்று சொல்லி, தட்டில் வெற்றிலை பாக்கோடு 10,000 ரூபாயை முன்பணமாக வைத்து நீட்டினார்கள். அப்படி மரியாதையாகக் கொடுத்தால் இந்த மண்ணில் பிறந்த யார்தான் நம்பமாட்டார்கள்? நான்கு மாதத்தில் என் கைக்கு வந்தது அந்த 10,000 மட்டும்தான்.

புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பது என்றால் என்ன என்று அந்த மேலாளருக்குப் புரியாவிட்டாலும் படிப்பவர்களுக்குப் புரியட்டும். ஒரு பழைய புத்தகத்தை எடுத்தால் அட்டை இருக்காது. முகப்புப் பக்கத்தில் ‘ஆனந்த வருடம்’ என்று மட்டும் அச்சிட்டிருக்கும். தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கு ஒருமுறை திரும்ப வருபவை. ஆகவே அது 1854-ஆ, 1914-ஆ என்று காகிதத்தையும் அச்சகத்தின் பெயரையும் எழுத்தையும் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். இன்னொரு புத்தகத்தில் ஆண்டே இருக்காது. விலை அணாவில் போட்டிருந்தால் 1957இல் நயா பைசா வருவதற்கு முந்தியது என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். ராமபாணப் பூச்சி அரித்த தாளைப் புரட்டினால் கையோடு வந்துவிடும். இரண்டு நூல்களைச் சேர்த்துக் கட்டிய தொகுதி என்றால் இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு எழுத வேண்டும். ஒரு புத்தகத்தை ஒழுங்காக முடிக்க அரைமணி நேரம் ஆகும். இந்த வேகத்தில்தான் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட நூல்களைப் பதிவுசெய்து கொடுத்தேன். அவற்றில் காரைக்குடியிலேயே அச்சான 1920களின் இதழ்களும் இருந்தன. அவற்றைத் தொட்டபோது பட்ட மகிழ்ச்சி பொய்யில்லை. அந்த மகிழ்ச்சியையே கூலியாக எழுதிவிடலாம் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள்.

இரண்டாம் மாதத்திலிருந்து வேலை பெருகியது. சுற்றுலாப் பயணிகள் வந்தால் வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றிக் காட்ட வேண்டும், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அலமாரிகளைத் துடைத்து வசம்பு வைப்பதும் என் பொறுப்பு. பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை முகவரிகள்கூட நான்தான் எழுதினேன். இத்தனைக்கும் நடுவில் நாளுக்கு நூறு புத்தகம் முடிக்க வேண்டும் என்றார்கள். எட்டு மணி நேரத்தில் நூறு என்றால் ஒன்றுக்கு ஐந்து நிமிடம்கூட இல்லை.

சம்பளம் கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். சிங்கப்பூரிலிருந்து பெரியவர் வரட்டும் என்றார்கள். கோவில் கும்பாபிஷேகம் முடியட்டும் என்றார்கள். பிறகு கணக்குத் தணிக்கை. அட்டவணைக் கோப்பை ஒப்படைத்தால் மறுநாளே பணம் என்றார்கள், ஒப்படைத்தேன். அதன்பின் என் எண்ணை எடுப்பதையே நிறுத்தினார்கள். நேரில் போனால் ஆச்சி உள்ளே இருந்துகொண்டே வெளியே வரவில்லை. நேற்றுதான் மேலாளர் வாய் திறந்தார். நாளுக்கு நூறு முடிக்காததால் 62,000 ரூபாயும் கழிவாம், வேண்டுமானால் அனுபவச் சான்றிதழ் தருகிறார்களாம்.

அந்த வீட்டு அலமாரியிலேயே பழைய பேரேடுகள் இருக்கின்றன. ஒரு காசு விடாமல் ஐந்தொகை எழுதியிருக்கிறார்கள். கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்ற ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடும் வழக்கம் உள்ள வீடு அது. என் சம்பளத்துக்கு மட்டும் எழுத்து வேண்டாமாம். இந்தப் பக்கத்தில் நேர்மையாகக் கூலி கொடுக்கும் வீடுகள் நிறைய உண்டு, அவர்களைச் சொல்லவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் ஊதிய விகிதத்தில், உதவி நூலகருக்கு உதவிப் பேராசிரியருக்குச் சமமாக 57,700 ரூபாய் தொடக்க அடிப்படைச் சம்பளம். அதற்குத் தகுதித் தேர்வும் வேண்டும், தெரியும். ஆனால் அதே பட்டத்தை வாங்கிக்கொண்டு தனியாரிடம் போகிறவர்களுக்கு 18,000 என்று பேசுவதே குறைவு. பேசியதையும் தராவிட்டால் எப்படி? ரோஜா முத்தையா தொகுப்பு இன்று ஆய்வாளர்கள் கைக்கு வருகிறது என்றால், யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாக அட்டவணைப்படுத்தி நுண்படம் (மைக்ரோஃபிலிம்) எடுத்ததால்தான் வருகிறது. அந்த உழைப்புக்குச் சம்பளம் இல்லையென்றால் மேல்மாடிப் புத்தகங்களைக் கரையான்தான் படிக்கும்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சம்பளமும் வேலை நேரமும் எழுத்தில் இல்லாமல் ஒரு புத்தகத்தைக்கூடத் தொடாதீர்கள். நாளுக்கு இத்தனை நூல் என்று எண்ணிக்கை சொன்னால், பழைய நூலா புதிய நூலா என்று முதலில் கேளுங்கள். மாதச் சம்பளம் ஒரு மாதம் நின்றாலே வேலையையும் நிறுத்துங்கள். முழுப் பணம் கைக்கு வராமல் அட்டவணைக் கோப்பைக் கொடுக்காதீர்கள். பேசியதை எல்லாம் குறுஞ்செய்தியில் வரவழைத்து வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருக்கும் குறுஞ்செய்திகளை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகிறேன்.

இன்று காலை அதே அறிவிப்பை மறுபடியும் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள்: பாரம்பரிய வீட்டு நூலகத்துக்குச் சேவை மனப்பான்மை உள்ள நூலகர் தேவை. உங்களை அழைத்தால், முன்பு வேலை செய்த பெண்ணுக்கு 62,000 ரூபாயைக் கொடுத்துவிட்டீர்களா என்று கேளுங்கள்.