வளவுக்குள் ட்ரெயில் கமரா: பெட்டியில் எழுதியிருப்பதும் வன்னி வெயிலில் நடப்பதும்

மரவள்ளிப் பாத்தியைக் கிளறியது காட்டுப்பன்றியா, முள்ளம்பன்றியா? கோழிக்கூட்டைச் சுற்றிச் சுற்றி வருவது மரநாயா, காட்டுப்பூனையா? விடிய எழும்பி மண்ணைப் பார்த்து ஊகிப்பதை விட்டு, படமாகவே பார்க்கலாம் என்றுதான் கனபேர் ட்ரெயில் கமரா வாங்குகிறார்கள். உருமறைப்புச் சாயம் பூசிய, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய பெட்டி. மரத்தில் பட்டியால் கட்டிவிட்டால் முன்னால் ஏதும் அசையும்போது தானாகவே படம் எடுக்கும். இணையக் கடைகளில் பத்துப் பெயரில் கிடைக்கும். மலிவுப் பிரிவில் பெயர்தான் வேறு, உள்ளே இருக்கும் சரக்கு பெரும்பாலும் ஒன்று. இந்த மதிப்பீடும் அந்த மலிவுப் பிரிவைப் பற்றியதுதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பொழுதுபட்டதிலிருந்து விடியும் வரைக்கும் வளவுக்குள் யார் வந்து போகிறார்கள் என்று அறிய இதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை. பகலில் குருவிப் படம் எடுக்கலாம் என்று நம்பி வாங்குகிறவர் காசைக் கரியாக்குகிறார். அதுவும் கோடையில்.

பெட்டியில் 24 மெகாபிக்சல், 4கே என்று கொட்டை எழுத்தில் இருக்கும். இந்த விலையில் வரும் சென்சர் பெரும்பாலும் 2 முதல் 5 மெகாபிக்சல்தான், மிச்சத்தை மென்பொருள் ஊதிப் பெருப்பிக்கிறது. சந்தேகம் இருந்தால் ஒரு பத்திரிகையை 3 மீற்றர் தள்ளி வைத்து, 5 மெகாபிக்சலில் ஒரு படமும் 24இல் ஒரு படமும் எடுத்து, அதே தலைப்பைப் பெருப்பித்துப் பாருங்கள். பெரிய கோப்பில் கூடுதலாக ஒரு எழுத்தும் தெளியாது, மெமரி கார்ட்தான் கெதியில் நிரம்பும். ஆகவே 5 அல்லது 8இல் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம். கார்ட் 32 ஜிபி, வேகம் கிளாஸ் 10 காணும். சில மாதிரிகள் அதற்கு மேல் ஏற்காது. கார்ட்டைக் கணினியில் அல்லாமல் கமராவிலேயே ஃபோர்மட் செய்ய வேண்டும். "32" என்று அச்சடித்த போலிக் கார்ட்டுகளும் சந்தையில் உண்டு. வாங்கியதும் முழுவதும் நிரம்ப வீடியோவைப் பதிந்து, கடைசிக் கோப்பைத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் கடைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இனி, இந்தக் கமராவின் உயிர்நாடி. லென்ஸுக்குக் கீழே வெள்ளையாகப் புடைத்து நிற்கும் பிளாஸ்ரிக் குமிழிதான் அது. அது ஒளியைப் பார்ப்பதில்லை, சூட்டைப் பார்க்கிறது. பின்னணியின் சூட்டுக்கும் உயிரின் உடற்சூட்டுக்கும் வித்தியாசம் இருந்து, அந்த வித்தியாசம் இடம் மாறினால் மட்டுமே கமரா விழிக்கும். வன்னியில் இதைக் கையாளும்போது வரும் வில்லங்கங்களில் பாதி இந்த ஒரு வசனத்துக்குள் அடங்கும்.

கோடை மத்தியானத்தில் வெறும் மணல் நிலம் ஒரு கீரியின் உடற்சூட்டை எட்டிவிடும், தாண்டியும் போகும். அப்போது கீரி கமராவுக்கு முன்னாலேயே நின்று ஓணானைப் பிடித்துத் தின்றாலும் பெட்டி நித்திரைதான். கமரா பழுது என்று திருப்பி அனுப்புகிறவர்களில் பலர் உண்மையில் திருப்பி அனுப்ப வேண்டியது வெயிலை. வேம்போ புளியோ விழுத்தும் கட்டி நிழலைப் பார்த்து வைத்தால் காலை 9 மணி வரையும் பின்னேரம் 5 மணிக்குப் பிறகும் ஓரளவு வேலை செய்யும். உணர்திறனைக் கோடையில் "ஹை"யில் வையுங்கள். மார்கழி, தை மாதக் குளிர் இரவுகளில் அதையே விட்டுவைத்தால் தூரத்தில் போகும் நாய்க்கும் மாட்டுக்கும் விழித்து நூற்றுக்கணக்கில் வெறும் படம் எடுத்துத் தள்ளும். அப்போது "லோ" காணும்.

உடும்புக்கு இந்த முறை சரியே வராது. அதன் உடற்சூடு சுற்றுச்சூழலோடு ஏறி இறங்குவதால் குமிழிக்கு அது நகரும் கல். உடும்பு வரும் இடம் தெரிந்தால் "டைம் லாப்ஸ்" முறைக்கு மாற்றி நிமிடத்துக்கு ஒரு படம் வையுங்கள். காலை 6 முதல் மாலை 6 வரை 720 படம். ஒன்று 2 எம்பி என்றாலும் நாளுக்கு ஒன்றரை ஜிபி அளவுதான், 32 ஜிபி கார்ட் ஏறத்தாழ இருபது நாள் தாங்கும்.

அடுத்தது காற்று. சோளகம் அடிக்கும் மாதங்களில் வெயிலில் சுட்ட பனையோலையும் கிளுவை இலையும் ஆடும்போது சூடு இடம் மாறுகிறது, கமரா விழிக்கிறது. அதைவிட மோசம், கமரா கட்டிய தடியே ஆடுவது. வேலிக் கதியாலில் கட்டக்கூடாது என்பது அதனால்தான். கிளுவையும் பூவரசும் வேலிக்கு நல்லவை, கமராவுக்கு அல்ல. தென்னையும் சிறியதென்றால் ஆடும். பனை அடிமரம், முதிரைத் தூண், நிலத்தில் இரண்டடி இறக்கிய கட்டை: இவற்றில் ஒன்று. கமராவுக்கு முன்னால் 3 மீற்றருக்குள் இருக்கும் புல்லையும் தொங்கும் கொப்பையும் வெட்டிவிட வேண்டும். ஒரு நீளப் புல் இரவில் கமரா வீசும் அகச்சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளைக் கம்பி போலப் பளிச்சிட்டுப் பின்னால் நிற்கும் முழுக் காட்சியையும் இருட்டாக்கிவிடும்.

திசை விடயத்தில் கையேடு வடக்கைப் பார்த்து வைக்கச் சொல்லும். குளிர்நாட்டுக்காரருக்கு எழுதியது. இங்கே ஏப்ரல் நடுப்பகுதியில் உச்சிக்கு வரும் சூரியன், ஓகஸ்ட் கடைசி வரை மத்தியானத்தில் வடக்குப் பக்கமாகவே சாய்ந்து நிற்கும், உதிப்பதும் வடகிழக்கில். நேர் வடக்கென்றால் பிழையில்லை. வடகிழக்கை நோக்கி வைத்தால் ஆனி மாதக் காலைப் படங்கள் எல்லாம் வெள்ளை.

உயரம் இன்னொரு பிழை. மனிதர் நெஞ்சளவில் கட்டினால் மரநாயின் முதுகுதான் படமாகும். மரநாய், முள்ளம்பன்றி, காட்டுப்பூனைக்கு நிலத்திலிருந்து 35 முதல் 45 சென்ரிமீற்றர். நரிக்கும் மயிலுக்கும் 60. விலங்கு கமராவை நோக்கி நேரே வருவதைவிடக் குறுக்கே போவதைத்தான் குமிழி கெதியாகப் பிடிக்கும். ஆகவே ஒற்றையடித் தடத்தின் வழியே நேராகப் பார்க்காமல் 45 பாகை சரிவாக வையுங்கள். தடத்துக்குச் செங்குத்தாக வைத்தாலோ, விழிக்க எடுக்கும் அரைச் செக்கனுக்குள் விலங்கு போய்விடும், வால் மட்டும் மிஞ்சும். பெட்டியில் 0.2 செக்கன் என்று போட்டிருந்தாலும், இரவில் விளக்கும் ஏற்றிப் படம் எடுக்க அதைவிடக் கூடத்தான் எடுக்கிறது.

தூரம் 3 முதல் 5 மீற்றர். லென்ஸ் நிலையான குவியம் உடையது, 2 மீற்றருக்குள் வருவது எல்லாம் மங்கல். கிட்ட எடுக்க ஒரு கைவேலை உண்டு: நடைபாதையில் விற்கும் வாசிப்புக் கண்ணாடியில் +1 பவர் வில்லையைக் கழற்றி லென்ஸுக்கு முன்னால் மட்டும் ஒட்டினால் குவியம் ஏறத்தாழ 80 சென்ரிமீற்றருக்கு வரும், +2 என்றால் அரை மீற்றருக்குக் கிட்ட. வில்லை அந்த வெள்ளைக் குமிழியை மறைக்கக்கூடாது. கண்ணாடி உடற்சூட்டுக் கதிரை விடாது. யன்னல் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து வளவைப் பார்த்து வைத்த கமரா இரவு முழுவதும் ஒரு படமும் எடுக்காததும் இதனால்தான்.

கிட்ட வைத்தால் வெளிச்சம் கூடிவிடும். பனம்பழக் காலத்தில் இது வடிவாகத் தெரியும். +1 வில்லை ஒட்டிய கமராவுக்கு முன்னால் பனம்பழம் சூப்பும் மரநாய்: முதற்படத்தில் முகம் சலவை வேட்டி போல வெள்ளை, கண் இரண்டும் எரியும் பொட்டு, மீசை இல்லை. அகச்சிவப்பு எல்ஈடிகளில் பாதியை இரண்டு மடிப்பு மாஸ்கிங் ரேப்பால் மூடியபின் அதே இடத்தில் அதே விலங்கு: மூக்கின் மேல் வரும் கறுப்புப் பட்டை, மீசை மயிர், கைவிரலில் ஒட்டிய பனங்களித் தும்பு வரை எண்ணலாம். இந்தப் பெட்டியால் இவ்வளவு முடியும் என்பதைக் கடைக்காரரும் சொல்வதில்லை.

எல்ஈடி இரண்டு வகை. 850 நனோமீற்றர் வகை தூரம் போகும், ஆனால் எரியும்போது மங்கலான சிவப்பு தெரியும். 940 வகை கண்ணுக்குத் தெரியாது, தூரம் குறைவு. வளவுக்கு 940 போதும். சிவப்பைக் கண்டு விலங்கைவிடக் கள்ளர்தான் கூடக் கவனிப்பார்கள்.

பற்றரிக்கு வருவோம். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். சந்தையில் கிடைக்கும் மலிவு சிங்க் கார்பன் பென்சில் பற்றரி பகலில் ஒழுங்காக ஓடும். இரவில் எல்ஈடி ஏற்றும்போது தேவைப்படும் மின்னை ஒரேயடியாகக் கொடுக்க அதனால் முடியாது. "பகலில் படம் இருக்கிறது, இரவில் கறுப்பு" என்றோ, "பொழுதுபடத் தானாக நின்றுவிடுகிறது" என்றோ முறைப்பாடு வந்தால் முதலில் பற்றரியைப் பாருங்கள். அல்கலைன் போட வேண்டும். திரும்பச் சார்ஜ் செய்யும் நிக்கல் வகை 1.2 வோல்ற் என்பதால் சில மாதிரிகள் பாதி மின் இருக்கும்போதே "லோ பற்றரி" காட்டி நின்றுவிடும், வெளிச்சமும் குறையும். பழையதையும் புதியதையும் கலந்து போட்டால் கசிந்து தகடு பச்சை பிடிக்கும். அடியில் 6 வோல்ற் துளை இருந்தால் எமர்ஜென்சி லைற்றுக்குப் போடும் 6 வோல்ற் 4 அம்பியர் மணி (4Ah) பற்றரி ஒன்றை வயரில் கொடுப்பது நீண்டகாலத்துக்கு மலிவு. முனை மாறாமல் பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிள் பற்றரி 12 வோல்ற், அதைக் கொடுத்தால் பலகை எரியும். பற்றரி மாற்றியதும் திகதியையும் சரிபாருங்கள், பல பெட்டிகள் பழைய ஆண்டுக்குத் திரும்பிவிடும்.

வைஃபை உள்ள மாதிரிக்குக் கூடக் காசு கொடுக்கத் தேவையில்லை. பத்துப் பதினைந்து மீற்றருக்குள் நின்றுதான் படத்தை இறக்கலாம், அவ்வளவு கிட்டப் போனவர் கார்ட்டையே கழற்றலாம்.

மழை தாங்குமா? மாரி மழையைத் தாங்கும், பட்டி தளர்ந்து பெட்டி நீரில் விழுந்தால் தாங்காது. கதவின் றப்பர் ஓரத்தில் மண் துகள் ஒன்று ஒட்டினாலும் நீர் ஏறும், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் விரலால் தடவித் துடையுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டால் காலைப் பனியில் லென்ஸ் வேர்ப்பது குறையும். மேலே ஒரு முழம் பனையோலையைச் சரித்துக் கட்டினால் வெயிலுக்கும் மழைக்கும் கூரை.

இரை வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோறும் கறியும் வைத்தால் வருவது நாய், குரங்கு, பன்றி. காடு ஒட்டிய ஊர்களில் பழக்குவியல் யானையையும் கூப்பிடும், யானைக்குக் கமரா ஒரு உதைக்குக் காணாது. நீர் வைப்பதுதான் நல்லது: 3 முதல் 5 சென்ரிமீற்றர் ஆழமுள்ள மண்சட்டி, நடுவில் ஒரு கல், நிழலில், பூனை பதுங்கும் பற்றையிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி. நீரை நாள்தோறும் ஊற்றிவிட்டு மாற்றுங்கள். இல்லாவிட்டால் படம் நுளம்புக்குத்தான், பின்னால் சுகாதாரப் பரிசோதகரும் வருவார். புலுனிக் கூட்டம், செண்பகம், மைனா எல்லாம் சட்டிக்கு வரும். ஒக்ரோபருக்குப் பிறகு இந்தியாவிலிருந்து வரும் ஆறுமணிக்குருவி நிழலில் சருகைக் கிளறித் திரிவதால், பகலில் இந்தக் கமரா ஒழுங்காகப் பிடிக்கும் குருவி அது ஒன்றுதான் என்று சொல்லலாம். மற்றக் குருவிகளுக்கு நீள ஸூம் உள்ள கமராவும் பொறுமையும் வேண்டும். தேவாங்குக்கும் இது உதவாது, அவ்வளவு மெதுவாக நகரும் சிறு உடலைக் குமிழி தவறவிடும்.

கமரா எதைப் பார்க்கிறது என்பதையும் ஒருமுறை பின்னால் நின்று பாருங்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றடியோ, ஒழுங்கையோ சட்டகத்துக்குள் விழக்கூடாது. தடத்தைப் பின்தொடர்ந்து மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பற்றைக் காணிக்குள் கால் வைக்கவும் கூடாது. அலுங்கு அகப்பட்டால் படத்தைப் போடலாம், ஊர்ப்பெயரைப் போடாதீர்கள். செதிலுக்கும் இறைச்சிக்கும் தேடித் திரிகிறவர்களும் அதே படத்தைத்தான் பார்க்கிறார்கள்.

கார்ட் எடுக்கப் போகும்போது பெட்டியைத் திறக்குமுன் குச்சியால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். பற்றரி அறையின் இளஞ்சூட்டுக்குள் எறும்பு முட்டை வைத்திருக்கும், மாமரம் என்றால் முசுறு பட்டி வழியே இறங்கியிருக்கும், பின்பக்கத்தில் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். லென்ஸ் வாயில் சிலந்தி நூல் ஒன்று குறுக்கே நின்றாலும் அந்தக் கிழமைப் படம் முழுக்கப் பனிமூட்டம். பட்டியில் இரண்டு விரல் அகலத்துக்குக் கிறீஸ் பூசிவிட்டால் எறும்பு ஏறாது. கிறீஸ் கையோடு லென்ஸைத் தொடாமல் இருந்தால் சரி.